பதினோராவது மாதம்

மூன்று மணிக்குக் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். இப்போது மணி பன்னிரண்டு இருபது. தங்கமயிலின் கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே, காப்பிப்பொடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சாருலதாவின் துப்பறியும் அலுவலகம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள். மீதிக் கால்வாசிதான் உருப்படியான கேஸ் என்பது அவளுடைய உதவியாளன் பிச்சையின் அபிப்பிராயம். பிச்சை தாராவிக்காரன், நாற்பதைத் தாண்டியவன். இங்கே வருவதற்கு முன் பத்து வருஷம் வாடகை வீட்டு புரோக்கராக இருந்தவன். 'அந்தத் தொழில்ல பொய் சொன்னேன், இந்தத் தொழில்ல பொய்யைக் கண்டுபிடிக்கேன்' என்று யார் கேட்டாலும் கூசாமல் சொல்லுவான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கோ," என்றாள் சாருலதா, ஃபைலைப் பிரித்தபடியே.

"செம்பூர்ல ஒரு ரூம் கிச்சன், மேடம். அம்பது லட்சம். முப்பது பேங்க் லோன். அஞ்சு லட்சம், நகையை வச்சு டோக்கன் அட்வான்ஸாக் குடுத்தாச்சு. மீதிப் பதினஞ்சுக்கு என் தையல் பட்டறையை அடமானம் வச்சிருக்கேன். மாசத் தவணை இருபத்தாறாயிரம் வருது. வீட்டுல குடியிருக்கவங்க தார வாடகையும் அதேதான். 'வாடகையே தவணையைக் கட்டிரும், நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும்'னு வானமாமலை அண்ணாச்சி சொன்னாவ."

"விக்கறவர் அவர்தானா?"

"ஆமா. எங்க ஊர்ப் பக்கம். ஒண்ணுமில்லாம பம்பாய்க்கு வந்து, இன்னைக்கு நாலு வீட்டுக்குச் சொந்தக்காரர். ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ச் சங்கத்துல அவர் பேச ஆரம்பிச்சா எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்போம். அவரைப் பாத்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு."

"பொறவு என்னக்கா சந்தேகம்?" என்றான் பிச்சை.

தங்கமயில் டீ டம்ளரை மேஜையில் வைத்தாள். "பத்திரம் பண்ணுததுக்கு முன்னால இன்னொரு தடவை வீட்டைப் பாக்கணும்னேன். குடியிருக்கவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தட்டிக் கழிச்சிட்டாவ. அதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. வாடகை வரலைன்னா தவணை நிக்கும். தவணை நின்னா பட்டறை போயிரும். ஆறு மெஷின், ஆறு பேர் பொழைப்பு, மேடம். சரி, வேண்டாம்னு போகாம இருந்திரலாம்னா, இன்னைக்குப் பத்திரம் முடியலைன்னா டோக்கன் அஞ்சு லட்சமும் எனக்கு இல்லைன்னு எழுதி வாங்கியிருக்காவ."

போனால் பட்டறை, போகாவிட்டால் நகை. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுத்தான் ஆளை நிறுத்துவார்கள். பிச்சைக்கு இந்த வேலியை நன்றாகத் தெரியும், அவனே நாலைந்து போட்டிருக்கிறான்.

சாருலதா ஃபைலில் இருந்து மூன்று வாடகை ஒப்பந்தங்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றும் பதினோரு மாதத்துக்கு. குடியிருப்பவர் ஜகந்நாதன். வாடகை மூன்றிலும் இருபத்தாறாயிரம். கூடவே, ஆறு மாத வாடகை வரவைக் காட்டும் வானமாமலையின் பேங்க் ஸ்டேட்மென்ட்.

"பிச்சை, பம்பாயில பதினோரு மாசம் முடிஞ்சா என்ன நடக்கும்?"

"வாடகை பத்து பர்சென்ட் ஏறும். புரோக்கர் திரும்ப வந்து ஒரு மாச வாடகையைக் கமிஷனாப் பிடுங்குவான். நானே பிடுங்கியிருக்கேன். குடியிருக்கவன் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுவான். வாங்கிக் கட்டிக்கிட்டு, பணத்தையும் வாங்கிக்கிட்டு வந்திருவோம்."

"இங்க ரெண்டு தடவை பதினோரு மாசம் முடிஞ்சிருக்கு. வாடகை ஒரு ரூபாய் ஏறலை."

"ஏத்தாத ஓனரா? அவரைப் பிடிச்சு ராணி பாக் ஜூவுல, பென்குயினுக்குப் பக்கத்துல வைக்கணும், மேடம். டிக்கெட் நல்லா விக்கும்."

சாருலதா சிரிக்கவில்லை. "தங்கமயில், நீங்க ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போங்கோ. நான் வர்ற வரைக்கும் விரலை வைக்காதேள்."

"அங்க என் நம்பரைக் கூப்பிட்டுட்டா?"

 சாருலதா அதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

காலி-பீலி என்கிற கறுப்பு மஞ்சள் டாக்சி சயானில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. செம்பூரில் அந்தப் பழைய நாலு மாடிக் கட்டடத்தின் முன்னால் இறங்கியபோது மணி ஒன்று ஐம்பது. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் பிச்சைக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க இப்ப பழைய பிச்சை," என்று படியிலேயே பாடம் சொன்னாள் சாருலதா. "ரினீவல் கமிஷன் கேட்டு வந்திருக்கிற புரோக்கர். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"செருப்படி விழுந்தா யாரு பாத்துக்கிடுவா?"

கதவைத் திறந்தது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மாமி. ஜகந்நாதனின் மனைவி பாகீரதி.

"மாமி, புரோக்கர் ஆபீஸ்ல இருந்து வாரேன். பதினோரு மாசம் முடியப் போவுதுல்லா? கமிஷன் ஒரு மாச வாடகை, இருபத்தாறாயிரம். வழக்கம்போலத்தான்."

சொல்லிவிட்டுப் பிச்சை ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டான். பழக்கதோஷம். இந்த வாக்கியத்துக்காக அவன்மேல் விளக்குமாறு பறந்திருக்கிறது, சப்பாத்திக் கட்டை பறந்திருக்கிறது, காட்கோபரில் ஒரு வீட்டில் நாயையே அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

"அப்படியா? அவர் ஆத்துல இல்லையே," என்றாள் பாகீரதி சாவதானமாக. "வெயில்ல வந்திருக்கேள். உள்ள வந்து உக்காருங்கோ, மோர் தரேன்."

 நாய் வந்திருந்தால்கூடப் பிச்சை இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

உள்ளே சமையல் மேடைக்குப் புது டைல்ஸ் போட்டிருந்தது. ஜன்னலுக்கு இரும்புக் கிரில். சுவரின் குறுக்கே, மரப்பலகையில் கட்டிய உறுதியான பரண். பதினோரு மாதத்துக்கு ஒரு தரம் மூட்டை கட்டக் காத்திருக்கிறவன் சுவரில் ஓர் ஆணி அடிக்கவே யோசிப்பான்.

"டைல்ஸெல்லாம் ஓனர் போட்டதா, மாமி?"

"அவர் எங்க போட்டார்? நாங்கதான் போட்டுண்டோம். இருக்கப் போறது நாமதானேன்னு."

சாருலதா மோர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "மாமி, நீங்க வாடகையே கொடுக்கலை, இல்லையா?"

"கொடுக்கறோமே. மாசம் இருபத்தாறாயிரம், ஒண்ணாம் தேதி, பேங்க் மூலமா." மனப்பாடம் செய்த பதில். மூச்சுவிடாமல் வந்தது.

"வாடகை கொடுக்கறவா யாரும் புரோக்கருக்கு மோர் தர மாட்டா, மாமி. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் கமிஷன் அழுதிருந்தா, இந்நேரம் இவரை வாசல்லயே வெச்சு வறுத்திருப்பேள். உங்களுக்கு ரினீவல்னா என்னன்னே தெரியலை. இந்த வீட்டை வாங்கறது ஒரு பொண்ணு. தன் பட்டறையை அடகு வெச்சு வாங்கறா. நீங்க கொடுக்கறதாச் சொல்ற வாடகையை நம்பித்தான்."

பாகீரதியின் முகம் மாறியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொண்ணா? கம்பெனி வாங்கறதுன்னுன்னா ஓனர் சொன்னார்!"

பிறகு எல்லாம் வந்தது. ஜகந்நாதனின் ரிடயர்மென்ட் பணத்தில் பன்னிரண்டு லட்சத்தை மொத்தமாக வானமாமலையிடம் கொடுத்திருக்கிறார்கள். ஹெவி டெபாசிட் என்பார்கள். வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வந்துவிட வேண்டும். பம்பாயில் சர்வசாதாரணம்.

"வாடகை அனுப்பினதா பேங்க்ல ஆறு மாசம் வரவு இருக்கே?" என்றான் பிச்சை.

"ஓனரே இருபத்தாறாயிரத்தை ரொக்கமாக் கொண்டுவந்து தருவார். எங்காத்துக்காரர் அதை பேங்க்ல போட்டு, போன்ல அவருக்கே அனுப்பிடுவார். இன்கம்டாக்ஸுக்கு வேணும்னார். ஒப்பந்தம் மூணும்கூட ஆறு மாசம் முன்னாடி ஒரே நாள்ல கையெழுத்து வாங்கிண்டதுதான்."

"தன் வீட்டுக்குத் தானே வாடகை குடுத்த மகராசன்!" பிச்சை தலையில் அடித்துக்கொண்டான். "பத்து வருஷம் தொழில் பண்ணேன், எனக்கு இது தோணலையே."

"மூணு மணிக்கு வீடு கைமாறினதும் எங்க பன்னெண்டு லட்சத்தையும் கொடுத்துடறேன்னு சத்தியம் பண்ணியிருக்கார்," என்றாள் பாகீரதி. கண் கலங்கியிருந்தது. "சாட்சிக் கையெழுத்துக்குன்னு எங்காத்துக்காரரைக் கூட்டிண்டு போயிருக்கார். இவர் பேர்ல ஐந்நூறு ரூபாய்ப் பத்திரம்கூட அவரே செலவு பண்ணி வாங்கியிருக்கார்."

சாருலதா டம்ளரைக் கீழே வைத்தாள். "யார் பேர்ல?"

"எங்காத்துக்காரர் பேர்ல."

அடுத்த நொடி சாருலதா படியில் இருந்தாள். பிச்சை பின்னாலேயே ஓடினான்.

"என்ன மேடம்?"

"சாட்சி கையெழுத்துப் போடறவர் பத்திரத்தோட கடைசிப் பக்கத்துல போடுவார். அவர் பேர்ல தனியா முத்திரைத்தாள் எதுக்கு? அதுல வேற என்னமோ எழுதியிருக்கு, பிச்சை. தங்கமயிலுக்குப் போன் போடுங்கோ!"

போட்டான். ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போனை அணைத்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருப்பார். மணி இரண்டு முப்பத்தைந்து. தெருமுனையில் ஓர் ஆட்டோவை மறித்து, மீட்டருக்கு மேல் ஐம்பது என்று பிச்சை கத்தினான்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் மாடி வராந்தாவில் நிற்க இடமில்லை. பிச்சை முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு உள்ளே நுழைந்தான். கேமராவுக்கு முன்னால் தங்கமயில் உட்கார்ந்திருந்தாள். போட்டோ எடுத்தாயிற்று. "அங்கட்டா டேவா, மேடம்" என்று மராத்தியில் சொல்லி, விரலை வைக்கும்படி ஆபரேட்டர் கருவியைக் காட்டினார். அவளுடைய கட்டைவிரல் கருவிக்கு மேலே போய்விட்டது.

"எக்கா! விரலை எடுங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. தங்கமயில் தீப்பட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்றிருந்த வானமாமலை பதறவே இல்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், குரலில் தேன். "யாரு, பிச்சையா? இந்தப் பய பழைய புரோக்கர், தங்கம். நடுவுல தனக்குக் கமிஷன் இல்லைன்னதும் கலைக்க வந்திருக்கான். தாராவி பூராவும் கேட்டுப் பாரு, இவன் யோக்கியதையைச் சொல்லுவாங்க."

 அவர் சொன்னதில் பாதி உண்மை. தாராவியில் கேட்டால் நிஜமாகவே சொல்லுவார்கள்.

"குடியிருக்கவங்க வாடகையே குடுக்கலைக்கா," என்றான் பிச்சை. "பன்னெண்டு லட்சம் டெபாசிட். வீட்டுல போய்க் கேட்டுட்டுத்தான் வாரோம்."

"அப்படியா? ஆளே இங்க இருக்காரே!" வானமாமலை பெஞ்சுப் பக்கம் திரும்பினார். அங்கே ஜகந்நாதன் மடியில் ஒரு காகிதக் கட்டோடு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். "சார், நீங்களே உங்க வாயால சொல்லுங்க. வாடகை குடுக்கீங்களா, இல்லையா?"

 ஜகந்நாதனின் பன்னிரண்டு லட்சமும் அந்த ஒரு பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மாசம் இருபத்தாறாயிரம். ஒண்ணாம் தேதி, பேங்க் மூலமா."

"கேட்டியா, தங்கம்?"

ஆபரேட்டர் மேஜையைத் தட்டினார். வைப்பதானால் வை, இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன் என்றார். தங்கமயில் பிச்சையைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள். ஐந்து லட்சம் நகை அவள் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். அவள் கை திரும்பவும் கருவியை நோக்கிப் போனது. பிச்சையின் மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வராததுக்குக் காரணம் தன்னுடைய பத்து வருஷம்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

இதற்குள் சாருலதா பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஜகந்நாதனின் மடியில் இருந்த முத்திரைத்தாளைச் சட்டென்று உருவினாள். முதல் பக்கத்தில் கையெழுத்து ஆகிவிட்டிருந்தது. இரண்டாவது பக்கத்தில் இன்னும் போடவில்லை.

"இது என்ன, மாமா?"

"சாட்சி ஃபாரம்."

"படிச்சேளா?"

"மராத்தி பேசுவேன், அவ்வளவா படிக்க வராது. முப்பத்தாறு வருஷமும் ஆபீஸ்ல இங்கிலீஷ்தானே? அவர் நம்ம மனுஷர், பக்கத்துல நின்னு சொன்னார், போட்டேன்."

சாருலதா தலைப்பைப் பார்த்தாள். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, மராத்தியைத் தமிழாக்கிப் படித்தாள். "'ஜகந்நாதன் ஆகிய நான், டெபாசிட் தொகை பன்னிரண்டு லட்சத்தையும் இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன். எனக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை.'"

ஜகந்நாதனின் கையில் இருந்து பேனா விழுந்தது.

"வாங்கிண்டாச்சா, மாமா?" என்றாள் சாருலதா. "பன்னெண்டு லட்சத்தை எங்க வெச்சிருக்கேள்?"

ஜகந்நாதன் எழுந்து வானமாமலைக்கு எதிரில் வந்து நின்றார்.  "என்ன ஓய் இது?"

"சாயங்காலம் தரத்தானே போறேன், சார். ஒரு ஃபார்மாலிட்டிக்கு..."

"அப்படின்னா இதுல சாயங்காலம்னு எழுதும். இப்பவே, என் கண் முன்னாடி எழுதும்."

வானமாமலை கீழே கிடந்த பேனாவை எடுக்கவில்லை. குரலில் இருந்த தேனெல்லாம் எங்கோ போய்விட்டது. ஜகந்நாதன் ஒரு நிமிஷம் காத்திருந்தார். பிறகு தங்கமயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"அம்மா, என்னை மன்னிச்சுடு. நான் இவருக்கு ஒரு பைசா வாடகை கொடுத்ததில்லை. என் பணம் வரணும்னு உன் தலைல கல்லைத் தூக்கிப் போடப் பாத்தேன்."

தங்கமயில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஆபரேட்டர் அலுத்துக்கொண்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

வராந்தா மூலையில், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வானமாமலையை நகரவிடாமல் பிச்சை நிறுத்திவைத்திருந்தான். சாருலதா முத்திரைத்தாளைத் தன் பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இனிமே டோக்கன் போச்சுன்னு நீங்க சொல்ல முடியாது," என்றாள். "டெபாசிட்டை மறைச்சு விக்கப் பார்த்தது நீங்க. அஞ்சு லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கோ."

"இல்லை," என்றார் அவர்.

"இல்லைன்னா?"

"எங்கிட்ட இல்லைங்கேன்!" வெள்ளைச் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. "மொத வீட்டு டெபாசிட்டை வச்சு ரெண்டாவது வீடு வாங்குனேன். அதுல வந்த டெபாசிட்ல மூணாவது. நாலுக்கும் பேங்க்ல கடன். வாடகைன்னு எங்கிருந்தும் ஒரு பைசா வராது, எல்லாம் ஹெவி டெபாசிட். தவணை மட்டும் மாசாமாசம் வந்து நிக்கும். குர்லா வீட்டுக்காரன் பணத்தைக் கேட்டு நெருக்குதான். இதை வித்தாத்தான் அவனுக்குக் குடுக்க முடியும்."

தங்கமயில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டவள் அவள்.

"நாலு வீட்டுக்குச் சொந்தக்காரர்னுதானே, அண்ணாச்சி, உங்களைப் பாத்து நானும் இறங்குனேன்?"

"ஒண்ணுகூட என்னுது இல்லைம்மா," என்றார் வானமாமலை.  ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

 ஜகந்நாதன் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் செய்தார். "பாகீ, யார் வந்து சாவி கேட்டாலும் கொடுக்காதே. நான் வர்ற வரைக்கும் வாசக்கதவைத் திறக்காதே. ஆமாம், பணம் வரலை." 

"என் அஞ்சு லட்சத்தை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள் தங்கமயில்.

"கல்யாண்ல ஒரு வீட்டுக்கு டோக்கன் குடுத்துட்டேன். முந்தாநாள்."

"அஞ்சாவது வீடா!" என்றான் பிச்சை. "விட்டா விரார் வரைக்கும் வளைச்சுப் போட்டிருப்பீரு போல."

"ரசீது இருக்கா?" என்றாள் சாருலதா.

வானமாமலை சட்டைப்பையைத் தொட்டார். பிச்சையே கையை விட்டு எடுத்தான். கல்யாண், மேற்கு. கொடுத்தது ஐந்து லட்சம். மூன்று நாளுக்குள் வேண்டாம் என்று சொன்னால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். மூன்றாவது நாள் இன்றுதான், அதுவும் மாலை ஆறு மணி வரைக்கும்.

சாருலதா போனை எடுத்தாள். "நான் போலீஸுக்குச் சொல்றேன்."

"சொல்லுங்க, மேடம். ஜகந்நாதன் சார் கூட இருந்து எழுதிக் குடுக்கட்டும். நான் நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுதேன்." தங்கமயில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்திருந்த அவர் கையை எடுத்துவிட்டு, மணிக்கட்டை இறுகப் பற்றினாள். மத்தியானம் ஒரு வாய் டீ குடிக்க முடியாமல் இருந்தவளின் பிடியா அது என்று பிச்சை அசந்துபோனான்.

"நடங்க அண்ணாச்சி. ஆறு மணிக்குள்ள கல்யாண்ல இருக்கணும். எனக்கு இந்த வீடு வேண்டாம்னு உங்க வாயால சொல்லணும். பக்கத்துலயே நான் நிப்பேன்."